எஞ்சின் ஏன் இழுக்குதில்லை?

“அண்ணை, எஞ்சின் இழுக்குதில்லை.”

“சத்தம் ஏறுதோ, இறங்குதோ?”

ஊர்காவற்றுறையிலோ நயினாதீவிலோ வெளியிணைப்பு எஞ்சின் திருத்துகிற நல்ல மெக்கானிக் சாவியைக் கையில் எடுக்குமுன் இதைத்தான் கேட்பார். கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. யாழ்ப்பாணத் தீவுப்பகுதியின் சிறிய கண்ணாடியிழைப் படகுகளில் தொங்குபவை பெரும்பாலும் ரூ-ஸ்ரோக் எனப்படும் ஈரடிப்பு எஞ்சின்கள். எடை குறைவு, பாகங்கள் குறைவு, தொழில் முடிந்ததும் கழற்றித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் வலு குறைந்தால் காரணம் உடனே பிடிபடாது. எஞ்சின் ஸ்ரார்ட் ஆகும், ஓடும், படகு மட்டும் போகாது.

சத்தம் வழக்கத்தைவிட ஏறியும் படகு போகவில்லை என்றால் எஞ்சினில் குற்றமில்லை. அது தரும் வலு தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை. தீவுகளைச் சுற்றியுள்ள கடல் ஆழம் குறைந்தது, கடற்புல் நிறைந்தது. புல்லோ வலைநூலோ புரொப்பெல்லரில் சுற்றியிருக்கலாம். எதுவும் சுற்றாவிட்டால் புரொப்பெல்லரின் நடுவிலுள்ள ரப்பர் புஷ் வழுக்கியிருக்கக்கூடும். பாறையில் மோதினால் கியர் உடையாமல் காப்பதற்காக வைத்த ரப்பர் அது. உள்வளையத்திலிருந்து வெளிவளையம் வரை பெயின்ற்றால் ஒரு நேர்கோடு போட்டுவிட்டு ஒருமுறை ஓடிப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் வழுக்கியது ரப்பர்தான். சிலிண்டரைத் திறக்கவேண்டிய தேவையே இல்லை.

சத்தமும் சேர்ந்து இறங்கினால் குறை எஞ்சினுக்குள் இருக்கிறது. அதைத் தேட, ஈரடிப்பு எஞ்சின் மூச்சுவிடும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாலடிப்பு எஞ்சினில் பிஸ்ரனுக்குக் கீழே இருப்பது எண்ணெய். ஈரடிப்பில் அந்த இடமும் வேலை செய்கிறது. பிஸ்ரன் மேலேறும்போது கீழுள்ள கிராங்க் அறை சைக்கிள் பம்பைப் போலக் காற்றையும் எரிபொருளையும் உள்ளே இழுக்கிறது. இறங்கும்போது அதே கலவையை அமுக்கி, பக்கத் துவாரங்கள் வழியாகச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. புதுக்கலவை உள்ளே வரவர, எரிந்த புகை வெளியேறுகிறது. கிராங்க் ஒருமுறை சுற்றினால் ஒருமுறை வெடிப்பு. 1890களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே உருவாக்கிய இந்த ஏற்பாடுதான் இன்றைக்கும் சேற்றில் பாயும் ரூ-ஸ்ரோக் பந்தய மோட்டார் சைக்கிளிலும் எழுவைதீவுப் படகிலும் ஓடுகிறது. இந்த மூச்சுப் பாதையில் எங்கே ஓட்டை விழுந்தாலும், எங்கே அடைத்தாலும் வலு குறையும்.

தேடலை மலிவான இடத்திலிருந்து தொடங்க வேண்டும். மெதுவாக ஓடும்போது ஒழுங்காக இருந்து, முழுவேகம் கொடுத்ததும் தொய்கிறதா? எரிபொருள் போதவில்லை. ராங்கியின் மூடியிலுள்ள காற்றுத் திருகாணியைத் திறக்க மறந்திருந்தாலே இது நடக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது எரிபொருள் குழாயிலுள்ள ரப்பர் குமிழைக் கையால் அமுக்கிப் பாருங்கள். அமுக்க அமுக்க வேகம் கூடினால் எஞ்சினின் எரிபொருள் பம்பு களைத்துவிட்டது, பெரும்பாலும் அதன் மெல்லிய சவ்வு கிழிந்திருக்கும். குமிழ் தானாகவே சப்பிப்போய்க் கிடந்தால் அடைப்பு அதற்கு முன்னால், ராங்கிப் பக்கம் இருக்கிறது. வடிகட்டியில் தேங்கியதைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிச் சிறிது நேரம் விட்டால், தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தெரியும்.

இலங்கையின் சிறுபடகுகளில் பல ஓடுவது மண்ணெண்ணெயில். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்கள் ஓடியதும் இந்த முறையில்தான்: சிறு போத்தலில் வைத்திருந்த சொட்டுப் பெற்றோல் தொடக்கத்துக்கு, மிச்சத் தூரத்துக்கு மண்ணெண்ணெய். எஞ்சினை நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். மறந்தால் காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்தநாள் காலை கயிறு இழுத்து இழுத்துத் தோள்தான் நோகும். மண்ணெண்ணெய் அமுக்கத்தையும் அதிகம் தாங்காது, நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டும். அதனால் மண்ணெண்ணெய் எஞ்சின்களின் அமுக்க விகிதத்தைக் குறைத்தே செய்கிறார்கள். அவை பெற்றோல் எஞ்சினைவிடச் சற்று மந்தமாக இழுப்பது நோயல்ல, இயல்பு.

அடுத்தது புளக். எஞ்சினை முழுவேகத்தில் ஓடவிட்டு அப்படியே நிறுத்திக் கழற்றிப் பார்த்தால் உள்ளே நடப்பது அதன் முகத்தில் தெரியும். கோப்பி நிறம் என்றால் சுகம். கறுத்து ஈரமாக இருந்தால் கலவை எரியவில்லை: பொறி பலவீனம், அல்லது எரிபொருள் கூட. வெளிறிக் கொப்பளித்திருந்தால் எரிபொருள் குறைவு, சூடு மிதமிஞ்சியது. எரிபொருளோடு கலக்கும் எண்ணெய் கூடினால் கலவை கொழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் காபரேற்றரின் துளை விடுவது ஒரே அளவுதான். அதில் எண்ணெயின் பங்கு கூடினால் எரியவேண்டியதின் பங்கு குறையும். எண்ணெயை மிச்சம் பிடித்தால் பிஸ்ரன் இறுகும், தாராளமாக ஊற்றினால் கரி பிடிக்கும். கையேட்டில் சொன்ன அளவே சரியான அளவு.

எரிபொருளும் பொறியும் சரியாக இருந்தும் வெள்ளைப் புளக் வருகிறதென்றால் கிராங்க் அறையைச் சந்தேகியுங்கள். கிராங்கின் நுனியிலுள்ள ரப்பர் சீல் தேய்ந்தால் அந்த வழியே களவாகக் காற்று நுழையும். மெதுவோட்டம் ஏறி இறங்கித் தள்ளாடுவது அதன் அடையாளம். உள்வழியைக் காக்கும் மெல்லிய ரீட் தகடு நுனி உடைந்தால் கலவை காபரேற்றர் வாயால் திரும்பி வெளியே தெறிக்கும். பார்த்தாலே தெரியும்.

ஆழமில்லாத கடலில் ஓடும் எஞ்சின் தண்ணீரோடு மணலையும் உறிஞ்சுகிறது. குளிர்விக்கும் பம்பின் ரப்பர் இதழ்கள் அதனால் தேயும், உள்வழிகளில் உப்பும் படியும். எஞ்சினின் பக்கத்திலிருந்து பீச்சுகிற தண்ணீர் மெலிந்தால் அதை ஒரு முன்னறிவிப்பாக எடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் தானாகவே தொய்ந்து, வேகத்தைக் குறைத்ததும் மறுபடி பிடித்தால் பிஸ்ரன் சூட்டில் விரிந்து சிலிண்டரை உரசியிருக்கலாம். அந்த இடத்திலேயே நிறுத்தாவிட்டால் அடுத்த செலவு சிலிண்டருக்குத்தான்.

மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும் வலுவுக்கு வேறு காரணம்: புகைவாசலில் படியும் கரி. மண்ணெண்ணெயும் எண்ணெயும் சேர்ந்தெரிவதால் இங்கே அது விரைவாகவே படிகிறது. ஈரடிப்பு எஞ்சினில் புகைவாசல் வெறும் கழிவுவழி அல்ல. கிழக்கு ஜேர்மனியின் எம்ஸற் (MZ) மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் வால்ற்றர் காடென் 1950களில் புகைக்குழாயின் வடிவத்தை மாற்றி, தப்பியோடும் புதுக்கலவையை அழுத்த அலையாலேயே சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளவைத்தார். அவருடைய பந்தய ஓட்டுநர் ஏர்ன்ஸ்ற் டெக்னர் 1961இல் மேற்குக்குத் தப்பி சுசுகியிடம் போனார். அடுத்த ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் அவருக்கும் சுசுகிக்கும் கிடைத்தது. பந்தய மோட்டார் சைக்கிளின் வயிறு பெருத்த புகைக்குழாய் அந்த வழியில் வந்தது. அது நசுங்கினால் வலு போவதும், படகு எஞ்சினின் புகைவாசல் கரியால் ஒடுங்கினால் வலு போவதும் ஒரே கணக்குத்தான்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் அமுக்கமானி. இரண்டு சிலிண்டர்களுக்கிடையே பத்துப் பதினைந்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கவனிக்க வேண்டும். குறைந்த சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்துவிட்டது. ஏறாவிட்டால் கேஸ்கற்றைப் பார்க்கலாம்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாயானது. அதன் பிறகு இழுக்காத எஞ்சின் என்பது சோம்பலான எஞ்சின் மட்டுமல்ல, காசை எரிக்கும் எஞ்சினும்தான். நெடுந்தீவுக்காரர் ஒருவர் யாழ்ப்பாண நகரத்துக் கடைக்கு எஞ்சினைக் கொண்டுபோவதென்றால் குறிகட்டுவான் வரை ஒரு மணி நேரக் கடல், பிறகு பாலங்கள் தாண்டித் தரைவழி. ஆகவே புறப்படுமுன் மூன்றைக் குறித்துக்கொள்ளட்டும்: சத்தம் ஏறியதா இறங்கியதா, குளிரிலா சூடேறிய பின்னா, புளக் என்ன நிறம். இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் பல வேளைகளில் எஞ்சினைத் தூக்கவே தேவைப்படாது, வாங்கிவர வேண்டிய சாமானின் பெயர் மட்டும் போதும்.