பிள்ளைக்கு எந்தக் கெம்பஸ்? போனிலேயே பார்த்துத் தெரிந்துகொள்வோம்



ஏ.எல். ரிசல்ட்ஸ் வந்ததும் லயத்தில் எல்லோரும் கேட்பது "பாஸா?" என்பதுதான். அதற்கு அடுத்த கேள்விதான் கஷ்டமானது: "எந்தக் கெம்பஸுக்குப் போடுறது?" பக்கத்து லயத்து அண்ணன் ஒன்று சொல்வார், டியூஷன் சேர் வேறொன்று சொல்வார். கடைசி நாளில் டவுனுக்கு ஓடி, கொமியூனிகேஷன் கடைக்காரத் தம்பி கேட்கிறதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருகிறோம். மூன்று நான்கு வருடப் படிப்பு அந்த அரை மணித்தியாலத்தில் முடிவாகிவிடுகிறது. இப்படி நடக்க வேண்டியதில்லை. வேண்டிய விபரமெல்லாம் இணையத்தளங்களில் சும்மாவே கிடைக்கிறது. எங்கே பார்ப்பது, எதை நம்புவது என்று தெரிந்தால் போதும்.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். பேராதனையில் தொடங்கி கம்பளை, புசல்லாவை, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா என்று நம்ம மலைகளுக்கு நடுவால் ஓடுகிற ஏ5 வீதி செங்கலடியில் போய் முடிகிறது. செங்கலடிக்காரர் அதைப் பதுளை வீதி என்றுதான் சொல்வார்கள். அங்கே வந்தாறுமூலையில், மட்டக்களப்பு நகரிலிருந்து சுமார் 16 கிலோமீற்றர் வடக்கே, கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் பல்கலைக்கழகமானது. மலையகப் பிள்ளைகள் பலர் அங்கே படித்திருக்கிறார்கள். "நம்ம பிள்ளைக்கு அது சரிவருமா?" என்பதை வீட்டிலிருந்தே எப்படிப் பார்ப்பது?

முதலாவது: நம்பக்கூடிய தளம் எது?

தளத்தின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். அரசாங்க நிறுவனம் என்றால் பொதுவாக "கவ் டொட் எல்கே", பல்கலைக்கழகம் என்றால் "ஏசி டொட் எல்கே" என்று முடியும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தளம் "யூஜிசி டொட் ஏசி டொட் எல்கே". கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தளம் "ஈஎஸ்என் டொட் ஏசி டொட் எல்கே". பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் வருகிற செய்தி உதவலாம். ஆனால் இந்தத் தளங்களில் அது இல்லை என்றால் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

இரண்டாவது: கைநூல்

ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் அனுமதிக் கைநூல் வெளியிடுகிறது. தமிழிலும் உண்டு. போனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கற்கைநெறிக்கும் எந்தப் பாடங்கள் வேண்டும், எத்தனை வருடம், எந்த மொழியில் நடக்கும் என்று அதில் இருக்கிறது. மொழியைக் கட்டாயம் பாருங்கள். தமிழ்ப் பிரதேசத்துப் பல்கலைக்கழகம் என்பதற்காக எல்லாம் தமிழில் நடக்காது. கிழக்கில் விஞ்ஞானமும் விவசாயமும் ஆங்கிலத்தில்தான். அதற்காகப் பயப்பட வேண்டாம். ரிசல்ட்ஸுக்குக் காத்திருக்கும் மாதங்களில் ஆங்கிலத்தைப் பழகத் தொடங்கலாம்.

மூன்றாவது: வெட்டுப்புள்ளி

2001 முதல் இசட் புள்ளியை வைத்துத்தான் அனுமதி. முந்தைய வருடங்களின் வெட்டுப்புள்ளி அட்டவணை ஆணைக்குழுவின் தளத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கற்கைநெறி, மறு பக்கம் மாவட்டம். உங்கள் மாவட்டத்து நிரலை மட்டும் பாருங்கள். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் தரவரிசைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்த 16இல் உண்டு. கலைப் பிரிவுக் கற்கைகள் சிலவற்றுக்கு மாவட்டப் பங்கு இல்லை.

ஆகவே கொழும்பு மாவட்டத்து மாமா மகனுக்குக் கிடைக்காத கற்கை, அதே புள்ளிக்கு நுவரெலியாப் பிள்ளைக்குக் கிடைக்கலாம். மாவட்டம் என்பது வீட்டு விலாசம் அல்ல, படித்த பாடசாலையை வைத்துத்தான் பார்ப்பார்கள். வெளிமாவட்டத்தில் தங்கிப் படித்த பிள்ளைகள் கைநூலில் அந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள். வெட்டுப்புள்ளி வருடா வருடம் மாறும். மூன்று வருடத்தையாவது ஒப்பிடுங்கள்.

நான்காவது: பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளம்

கிழக்குப் பல்கலைக்கழகம் என்று போட்டால் எல்லாம் செங்கலடியில் இல்லை. இசை, நடனம் படிக்கிற சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில். சித்த மருத்துவம் திருகோணமலை வளாகத்தில். போர்டிங் தேடுவதும் பஸ் பார்ப்பதும் இதைத் தெரிந்த பிறகுதான். விடுதி முதல் வருடத்துக்குக் கிடைக்குமா, கட்டணம் எவ்வளவு, யாருக்குப் போன் எடுப்பது என்பதையும் அந்தத் தளத்தில் தேடுங்கள்.

ஐந்தாவது: செலவு

அரச பல்கலைக்கழகத்தில் முதல் பட்டப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. சாப்பாடு, தங்குமிடம், போக்குவரத்துத்தான் செலவு. 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசிலும், பர்சரி என்கிற உதவுதொகையும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கைகொடுக்கும். வருமானத்தை உறுதிப்படுத்தச் சம்பளத் துண்டுகளைப் பத்திரமாக வையுங்கள். "கொழுந்து எடுக்கிற காசுல கெம்பஸ் எங்க?" என்று பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள், முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆறாவது: விண்ணப்பம்

விண்ணப்பம் இணையவழியேதான். விருப்ப வரிசையை வீட்டிலேயே தாளில் எழுதி முடித்துவிட்டுப் போங்கள். மேலே எழுதிய கற்கைக்குப் புள்ளி போதாவிட்டால், அடுத்ததைப் பார்ப்பார்கள். பெரியதை முதலில் போட்டதால் சின்னது கைவிட்டுப் போகாது. அதனால் பயத்தை வைத்து அல்ல, உண்மையான விருப்பத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள். பிடிக்காத கற்கையை நிரப்புவதற்காகப் போட வேண்டாம். அதுவே கிடைத்துச் சேர்ந்துவிட்டால் பிறகு மாறுவது லேசில்லை.

பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பாடசாலைப் பதிவிலும் பெயர் வேறுவேறாக இருப்பது தோட்டத்தில் சர்வசாதாரணம். அதை இப்போதே திருத்துங்கள். கடையில் விண்ணப்பித்தால் உங்கள் சொந்தப் போன் இலக்கத்தையே கொடுங்கள். கடவுச்சொல்லை எழுதி வாங்குங்கள், ஒரு பிரதியும் எடுங்கள்.

கடைசியாக: இடம் கிடைக்காதவர்களுக்கு

காசு கட்டிப் படிக்கும் தனியார் நிறுவனங்களின் விளம்பரம் நிறைய வரும். பட்டம் என்றால் அதற்கு அங்கீகாரம் உண்டா என்று ஆணைக்குழுவிடமும் கல்வி அமைச்சிடமும் பாருங்கள். தொழிற்பயிற்சி என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் தளத்தில் அந்த நிறுவனமும் அந்தக் கற்கையும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பேர் இல்லை என்றால் நகையை அடகு வைத்துக் காசு கட்டாதீர்கள். ஆசிரியராக விரும்புகிறவர்களுக்குப் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி போன்றவையும் உண்டு. அதற்கான அறிவித்தல் வர்த்தமானியில் வரும்.

அம்மாமாரே, அப்பாமாரே, உங்களுக்குப் போன் பார்க்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "எந்த மொழி? எந்த ஊர்? எவ்வளவு செலவு? நம்ம மாவட்டத்துப் புள்ளி எவ்வளவு?" என்று நாலு கேள்வி கேளுங்கள். பதிலைத் தளத்தில் காட்டச் சொல்லுங்கள். ரிசல்ட்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த லீவு நாளிலேயே தொடங்கலாம்.