அம்மாவுக்கு ஃபைல் இல்லை

‘உன்னை மாதிரிப் பொறுமை யாருக்கும்மா வரும்? கடவுள் பார்த்துத்தான் இந்தக் குழந்தையை உன்கிட்ட குடுத்திருக்கார்.’ பெருமூளை வாதமும் அடங்காத வலிப்பும் உள்ள குழந்தையின் தாயிடம் சொந்தக்காரர்கள் தவறாமல் சொல்லும் வசனம் இது. சொல்பவர்களிடம் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் இதைக் கேட்ட பிறகு அவள், ‘நேத்து ராத்திரி ஆத்திரத்துல பிள்ளையை அடிச்சுட்டேன்’ என்று யாரிடம் வாயைத் திறப்பாள்? தெய்வத்தாய்ப் பட்டம் கட்டிவிட்டால் அழுவதற்கும் அலுத்துக்கொள்வதற்கும் இருந்த உரிமை போய்விடுகிறது. கிரகணத்தன்று வெளியே போனாயா, சொந்தத்தில் கட்டினதால் வந்ததா என்று துருவுகிற சொந்தக்காரர்கள் வேறு ரகம். அவர்களையாவது மனசுக்குள் திட்டிக்கொள்ளலாம்.

அவள் தலையில் இருக்கும் வேலை என்ன என்பது பலருக்கும் தெரியாது. மூக்கு வழியாக ட்யூப் போட்ட குழந்தையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வேளையும் பால் விடுவதற்கு முன் ட்யூப் வயிற்றில்தான் இருக்கிறதா என்று சிரிஞ்சால் இழுத்துப் பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். தலையை உயர்த்திச் சாய்த்து வைத்து, அவசரப்படாமல் தானாக இறங்க விட்டு, கடைசியில் தண்ணீர் விட்டு ட்யூபைக் கழுவி, அதன் பிறகும் அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது. அடுத்த வேளைக்கும் இதே கதை. நடுவில் வலிப்பு மாத்திரைகளை நேரம் தவறாமல் பொடித்துக் கரைத்துக் கொடுக்க வேண்டும். நெஞ்சில் சளி கட்டினால் சக்‌ஷன் போட வேண்டும். கரன்ட் போனால் மெஷின் நின்றுவிடும். வார்டில் இதையெல்லாம் செய்யும் நர்ஸுக்கு டூட்டி முடியும் நேரம் என்று ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் அன்று அவசர அவசரமாகக் கற்றுக்கொண்டு வீட்டுக்கு வரும் அம்மாவுக்கு டூட்டி மாற்றிவிட ஆள் இல்லை.

குழந்தையின் ஃபைல் வருஷத்துக்கு வருஷம் தடிக்கிறது. நரம்பியல், பிசியோ, கண், இ.இ.ஜி. என்று எல்லாம் அதில் இருக்கும். அம்மா கடைசியாக எப்போது முழு ராத்திரி தூங்கினாள் என்று ஒரு வரி இருக்காது.

இந்தச் சுமை உடம்பில் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் எலிசா எபல், எலிசபெத் பிளாக்பர்ன் ஆகியோரின் குழு 58 தாய்மார்களின் ரத்த அணுக்களைச் சோதித்து 2004-இல் முடிவை வெளியிட்டது. இவர்களில் 39 பேர் நாள்பட்ட நோயுள்ள குழந்தையை வளர்ப்பவர்கள். குரோமோசோம்களின் நுனியில் ‘டெலோமியர்’ என்று ஒரு பகுதி உண்டு. செல்லுக்கு வயதாக ஆக அது குட்டையாகிக்கொண்டே போகும். பராமரித்த ஆண்டுகள் கூடியவர்களுக்கும், மன அழுத்தம் மிக அதிகம் என்று சொன்னவர்களுக்கும் அது குட்டையாக இருந்தது. அழுத்தம் மிகக் குறைவாக இருந்தவர்களோடு ஒப்பிட்டால், மிக அதிகமாக இருந்தவர்களின் அணுக்களுக்குக் குறைந்தது பத்து வயது கூடியிருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: நோயுள்ள குழந்தை இருக்கிறது என்பதாலேயே எல்லாத் தாய்மாருக்கும் இப்படி ஆகிவிடவில்லை. அழுத்தத்தைக் குறைக்க வழி செய்தால் பலன் இருக்கலாம் என்று நம்ப அங்கே இடம் இருக்கிறது. 

எதைக் குறைப்பது? துக்கத்தையா? சைமன் ஓல்ஷான்ஸ்கி என்ற அமெரிக்கர் 1962-இலேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார். அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தையின் பெற்றோருக்கு இருப்பது தீராத சோகம், அது நோயல்ல, இயல்பு என்றார். ‘ஏற்றுக்கொண்டு’ கடந்துவிட வேண்டும் என்று அவர்களை நெருக்குவது தவறு என்பது அவர் வாதம். பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் சேரும்போது, தங்கை மகள் வயசுக்கு வரும்போது அந்தச் சோகம் திரும்பி வரும். திரும்பி வந்தால் அவள் தேறவில்லை என்று அர்த்தமில்லை.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஆய்வு நம் வேலூரிலேயே நடந்தது. சி.எம்.சி. மருத்துவமனையில் பால் ரஸல் குழுவினர் அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் 57 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கம்போல் விரிவுரை. இன்னொரு பிரிவு பத்து வாரம் வட்டமாக உட்கார்ந்து, தங்களுக்குள் பேசி, கேட்டு, சந்தேகம் தீர்த்துக்கொண்டது. 1999-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் முடிவு வெளியானது. பேசிய பிரிவில் குழந்தையை வளர்க்கும் விதம், குறைபாட்டைப் பற்றிய அறிவு, அதைச் சமாளிக்கும் மனப்பாங்கு எல்லாம் மேம்பட்டிருந்தன. மாறாமல் நின்றது ஒன்றே ஒன்று: குறைபாட்டின் மீதே இருந்த மனப்பான்மை. என்னைக் கேட்டால் அந்த ஆய்வின் மிக நேர்மையான வரி அதுதான். வலி இருந்த இடத்தில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நாளை ஓட்டும் திறன் கூடியது. மனநல ஆதரவிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை, இதற்குக் குறைவாகக் கொடுப்பதும் நியாயமில்லை.

பெரிய சிகிச்சை ஒன்றும் வேண்டியதில்லை. குழந்தைக்குப் புற்றுநோய் என்று புதிதாகத் தெரியவந்த தாய்மார்களுக்காக அமெரிக்காவில் ‘பிரைட் ஐடியாஸ்’ என்று ஒரு பயிற்சியை வடிவமைத்தார்கள். எட்டே அமர்வுகள். இன்று எது பெரிய தலைவலி, அதற்கு என்னென்ன வழி, எதைச் செய்து பார்ப்பது, செய்ததில் பலன் உண்டா என்று படிப்படியாக யோசிக்கப் பழக்குவார்கள். ‘மூத்தவளை ஸ்கூலுக்கு யார் கூட்டிப்போவது?’ என்பதுகூட அதில் பேசத் தகுந்த விஷயம்தான். பயிற்சி பெற்ற தாய்மாரின் மனச்சோர்வு குறைந்தது.

இன்னொன்று, ஆள் மாற்று. பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் பிரான்சிஸ் டொமினிக்கா என்ற கன்னியாஸ்திரி, மூளைக் கட்டியால் முழுக்கப் படுக்கையாகிவிட்ட ஹெலன் என்ற சிறுமியின் பெற்றோருக்கு நண்பரானார். அவ்வப்போது குழந்தையைத் தன்னிடம் வைத்துப் பார்த்துக்கொண்டு அவர்களை ஓய்வெடுக்க அனுப்பினார். அதிலிருந்து 1982-இல் பிறந்ததுதான் ‘ஹெலன் ஹவுஸ்’, தீராத நோயுள்ள குழந்தைகளைப் பராமரிக்கும் உலகின் முதல் ஹாஸ்பிஸ். அங்கே பெற்றோருக்குக் கொடுத்த முதல் உதவி சில நாள் தூக்கம்.

நம் ஊரில் உதவியே இல்லை என்று சொல்ல மாட்டேன். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். 14416 என்ற ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்கான சென்னையின் வித்யா சாகர் அமைப்பு 1985-இல் தொடங்கப்பட்டதே, மாற்றுத்திறனாளி மகனை வளர்த்த பூனம் நடராஜன் என்ற தாயால். ஆனால் நாலு மணி நேரம் வந்து ட்யூப் ஃபீடிங் கொடுத்துப் பார்த்துக்கொள்ள, நம்பி விட்டுப்போகக்கூடிய ஆள்? பணம் உள்ளவர்களுக்கே கிடைப்பது பாடு. சித்தியோ அத்தையோ அதைக் கற்றுக்கொண்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால், அது எந்த ஆறுதல் வார்த்தையையும் விடப் பெரிது.

அப்பாக்களை யாருமே கேட்பதில்லை. ஓவர்டைம் பார்த்துக்கொண்டு வீட்டுக்குத் தாமதமாக வருபவரைப் பொறுப்பில்லாதவர் என்று முடிவுகட்டுவது சுலபம். மருந்துச் செலவு அவரை ஓட வைக்கிறது என்பது பாதி உண்மை. வீட்டைப் பார்க்க அவருக்குப் பயம் என்பது மீதிப் பாதி. ஓ.பி.யில் டாக்டர் அவரைப் பார்த்து ‘நீங்க எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டால் பதில் வர நேரமாகும். காத்திருக்க வேண்டும்.

கேட்டால் வரும் பதில்கள் சில கேட்பவரைத் திடுக்கிட வைக்கும். ‘எனக்கு ஒரு நாள் முன்னாடி இவன் போயிடணும்’ என்பது அதில் ஒன்று. உடனே ‘அப்படிச் சொல்லாதீங்க’ என்று வாயை அடைத்துவிடுகிறோம். தூக்கமும் பசியும் போய், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு செத்துவிடலாம் என்ற நினைப்போடு அவர் இதைச் சொன்னால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். பெரும்பாலும் அது எனக்குப் பிறகு யார் என்ற கேள்விதான். அதற்கு ஓரளவு பதில் இருக்கிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயது முடிந்த பின் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்திருக்கிறது. மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். யார் அந்தப் பாதுகாவலர் என்ற பேச்சை அதற்கு வெகு முன்பே வீட்டில் எடுக்கலாம். அக்காவோ தம்பியோ பார்த்துக்கொள்வார்கள் என்று நாமே முடிவு செய்து அவர்கள் தலையில் கட்டாமல், அவர்களுக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டு எடுக்கலாம்.