‘பிங்’ போகுது, ரிப்போர்ட் வரல... பிரச்சினை நெட் ஸ்பீடா, பாக்கெட் சைஸா?

ஜேடர்பாளையம் படுகை அணைக்குப் பக்கத்தில், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஐ.டி. ஊழியர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வெளிநாட்டு வங்கி ஒன்றின் மெயின்ஃப்ரேம் கணினியைக் கவனிப்பது அவர் வேலை. வி.பி.என். கனெக்ட் ஆகிறது. லாகின் திரை வருகிறது, பாஸ்வேர்டும் ஓகே. ஆனால், பெரிய ரிப்போர்ட்டைத் திறந்தால் திரை அப்படியே நின்றுவிடுகிறது. “ஊர்ல நெட் அப்படித்தான் இருக்கும், ஆபீஸுக்கே வந்துடுங்க” என்கிறார் மேனேஜர். ஸ்பீடு டெஸ்ட்டோ ஜம்மென்று இருக்கிறது. அப்போ கோளாறு எங்கே?

வேகத்தில் இல்லாமல், அளவில் இருக்கலாம்.

கரும்பு லாரி கணக்கு

மோகனூர் சர்க்கரை ஆலைக்குப் போகும் வழியில், ஒரு பாலத்துக்கு அடியில் உயரத் தடுப்புக் கம்பி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பைக் போகும், கார் போகும். லோடு ஏற்றிய கரும்பு லாரி மட்டும் மாட்டிக்கொள்ளும். ரோடு எவ்வளவு அகலமாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

நெட்வொர்க்கிலும் இப்படி ஒரு கம்பி உண்டு. ஒரே துண்டாக அதிகபட்சம் எத்தனை பைட் அனுப்பலாம் என்ற வரம்பு அது. பெயர் எம்.டி.யு. ஈதர்நெட்டில் வழக்கமாக 1500 பைட். வீட்டு பிராட்பேண்ட் பலவற்றில் உள்ள பி.பி.பி.ஓ.இ. முறை 8 பைட்டை எடுத்துக்கொள்வதால், மிச்சம் 1492. வி.பி.என். மேலே தன் உறையையும் போர்த்தும்போது இன்னும் குறையும்.

டேட்டா சென்டருக்குள்ளும் இதே கதைதான். ஐ.பி.எம். மெயின்ஃப்ரேமின் நெட்வொர்க் கார்டில் 8992 பைட் வரை வைக்கலாம். கேட்வே சர்வரிலும் பெரிய அளவு வைத்துவிட்டு, நடுவில் ஒரு ஸ்விட்ச்சை மட்டும் 1500-லேயே விட்டுவிட்டால், அது பெரிய ஃப்ரேம்களைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும்.

லாகின் மட்டும் எப்படி வருது?

1971-ல் வந்த ஐ.பி.எம். 3270 டெர்மினல் முறையில்தான் மெயின்ஃப்ரேம் திரைகள் இன்றும் இயங்குகின்றன. 24 வரி, வரிக்கு 80 எழுத்து. திரை நிரம்பினால் 1920 எழுத்து, அதாவது சுமார் 1920 பைட். லாகின் திரையில் பெரும்பகுதி காலி இடம் என்பதால், சின்னத் துண்டாக வந்துவிடும். ரிப்போர்ட் திரை நிரம்பி வழியும்போது முழு அளவு பாக்கெட் கிளம்பும். அதுதான் மாட்டும்.

எரர் ஏன் வரல?

வர வேண்டும் என்பதுதான் விதி. பாக்கெட் பெரிதாக இருந்தால், வழியில் உள்ள ரவுட்டர் ‘சைஸைக் குறை’ என்று ஐ.சி.எம்.பி. தகவல் அனுப்பும். 1990-ல் வந்த ஆர்.எஃப்.சி. 1191 இந்த ஏற்பாட்டைத்தான் நம்பியிருக்கிறது. ஆனால், பாதுகாப்பு என்று நினைத்து ஃபயர்வாலில் ஐ.சி.எம்.பி.யை மொத்தமாக அடைத்துவிடுபவர்கள் உண்டு. தகவல் போய்ச் சேராததால், மெயின்ஃப்ரேம் அதே சைஸில் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். நெட்வொர்க் ஆட்கள் இதை ‘கருந்துளை’ என்பார்கள்.

நீங்களே கண்டுபிடிக்கலாம்

முதலில் சாதாரண பிங் போட்டுப் பாருங்கள். அதற்கே பதில் இல்லையென்றால், இந்தச் சோதனை உதவாது. பதில் வந்தால், விண்டோஸில் பிங் கட்டளையோடு ‘உடைக்காதே’ என்ற எஃப் தேர்வையும், அளவுக்கான எல் தேர்வில் 1472-ஐயும் கொடுங்கள். ஏன் 1472? தலைப்புப் பகுதிக்கு 28 பைட் போகும்; கூட்டினால் 1500.

* பதில் வந்தால், 1500 தாராளமாகப் போகிறது.
* ‘உடைக்க வேண்டும்’ என்று எரர் வந்தால், வரம்பு குறைவு.
* எந்தச் சத்தமும் இல்லாமல் டைம் அவுட் ஆனால், கருந்துளையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அளவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசியாகப் போகும் எண்ணோடு 28-ஐக் கூட்டினால், அதுதான் உங்கள் பாதையின் உண்மையான எம்.டி.யு.

யார் சரிசெய்யணும்?

ஆபீஸ் லேப்டாப்பில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம். கேட்வேயில் டி.சி.பி. துண்டின் அளவைக் குறைப்பது, வி.பி.என். அடாப்டரின் எம்.டி.யு.வை இறக்குவது, அந்த ஐ.சி.எம்.பி. தகவலைத் திறந்துவிடுவது எல்லாம் நெட்வொர்க் டீம் வேலை.

டிக்கெட்டில் ‘நெட் ஸ்லோ’ என்று எழுதினால், பழி உங்கள் ஊர் மேலேயே விழும். ‘1372 போகிறது, 1373 போகவில்லை’ என்று எழுதிப் பாருங்கள். கம்பி எந்தப் பாலத்தில் இருக்கிறது என்று அவர்கள் தேட ஆரம்பிப்பார்கள்.