லெ சாமுராய் (திரைப்படம்)

லெ சாமுராய் 1967 ஆம் ஆண்டில் வெளியான பிரெஞ்சுக் குற்றத் திரைப்படம் ஆகும். ஜான் பியர் மெல்வில் இதை இயக்கினார். பாரிசு நகரில் தனியாக வாழும் கூலிக் கொலையாளி ஜெஃப் காஸ்டெல்லோவாக அலன் டெலோன் நடித்தார். தனிமையே தன் காவல் என்று நம்பும் ஒருவன், பிறர் உதவியால் தப்பிய பிறகு என்ன ஆகிறான் என்பதே படத்தின் மையம்.

கதைமாந்தர்

ஜெஃபின் கடந்த காலமோ குடும்பமோ படத்தில் சொல்லப்படுவதில்லை. அவனது செயல்களிலிருந்தே பார்வையாளர் அவனை அறிகிறார். வெளியே கிளம்பும் முன் கண்ணாடியில் பார்த்துத் தொப்பியின் விளிம்பைச் சரிசெய்கிறான். காரைத் திருடும்போது பெரிய சாவிக்கொத்திலிருந்து ஒவ்வொரு சாவியாகப் பதற்றமின்றிப் போட்டுப் பார்க்கிறான். சுடும்போது வெள்ளைக் கையுறை அணிகிறான். இந்த ஒழுங்குதான் அவனுடைய குணம்.

சூழல்

முதல் பத்து நிமிடங்கள் அளவுக்கு உரையாடலே இல்லை. மழையும் வண்டிகளின் இரைச்சலும் பறவையின் குரலும் மட்டுமே கேட்கின்றன. ஒளிப்பதிவாளர் ஆன்றி தெக்கே சாம்பல், வெளிர்நீல நிறங்களையே பெரிதும் பயன்படுத்தினார். வண்ணப்படமாக இருந்தும் ஜெஃபின் அறை கறுப்பு வெள்ளைப் படத்தை நினைவூட்டுகிறது. அங்கே அவனுக்குத் துணை கூண்டில் உள்ள சிறு பறவை ஒன்றே. அவன் இல்லாதபோது காவல் துறையினர் அறையில் ஒட்டுக்கேட்கும் கருவியை மறைத்து வைக்கின்றனர். திரும்பி வந்தவன் பறவையின் படபடப்பைக் கண்டே ஆள் நுழைந்ததை உணர்கிறான்.

கதைப்பின்னல்

இரவு விடுதி உரிமையாளரைக் கொன்றுவிட்டு வெளியேறும் ஜெஃபை, அங்குப் பியானோ வாசிக்கும் வலேரி நேருக்கு நேர் பார்க்கிறாள். ஆனால் அடையாள அணிவகுப்பில் அவன் கொலையாளி அல்ல என்று கூறுகிறாள். காவல் அதிகாரியின் சந்தேகம் தீரவில்லை. வேலை கொடுத்தவர்களும் அவனை நம்பாமல் கொல்ல முயல்கின்றனர். பின்னர் பணம் தந்து மற்றொரு கொலையை ஒப்படைக்கின்றனர். கொல்லப்பட வேண்டியவள் வலேரி.

தனக்கு வேலை கொடுத்த தலைவனைக் கொன்ற பிறகு ஜெஃப் அந்த விடுதிக்குச் செல்கிறான். தொப்பியைக் கொடுத்தவன் அதற்கான சீட்டை எடுத்துக்கொள்வதில்லை. திரும்பப் போவதில்லை என்பதை இச்சிறு செயல் முன்கூட்டியே உணர்த்துகிறது. அவன் வலேரியை நோக்கித் துப்பாக்கியை நீட்ட, காத்திருந்த காவலர்கள் சுடுகின்றனர். அவன் துப்பாக்கியில் குண்டுகளே இல்லை என்பது பிறகு தெரிகிறது. ஏற்ற வேலையைக் கைவிடவும் இல்லை, தன்னைக் காப்பாற்றியவளைக் கொல்லவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே அவன் தன் உயிரை வைத்தான்.

தாக்கம்

ஜான் வூவின் தி கில்லர் (1989), ஜிம் ஜார்முஷின் கோஸ்ட் டாக் (1999) ஆகிய படங்களில் இதன் தாக்கத்தைக் காணலாம்.