மலையேறும் ஆட்டோ கார்: கியர்பாக்ஸ் ஏன் சீக்கிரம் போகிறது?

மலேசியாவின் தாப்பாவிலிருந்து கேமரன் மலையின் தானா ராத்தாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் சாலை ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தையொட்டிப் போடப்பட்ட சாலை இது. தேயிலையும் காய்கறியும் கீழே இறங்கியதும், தோட்டத்துக்கு ஆட்களும் அரிசியும் மேலே ஏறியதும் பல பத்தாண்டுகள் இதன் வழியாகத்தான். இன்று அதே வளைவுகளில் தோட்டத்துக் குடும்பங்களின் சொந்தக் கார்களும் ஏறி இறங்குகின்றன. அவற்றில் பல, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ கார்கள். அவற்றை வாங்கியவர்களிடம் கேட்கக் கிடைக்கும் மனக்குறை ஒன்று உண்டு: எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் வங்கிக் கடன் முடியும் முன்பே கியர்பாக்ஸ் போய்விட்டது. இதை விதி என்றும், மலையின் குணம் என்றும், ஓட்டத் தெரியாதவரின் குற்றம் என்றும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஆனால் ஆட்டோ கியர்பாக்ஸ் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், இந்தச் சாவுகளில் பெரும்பகுதிக்குக் காரணம் வெப்பமும், அந்த வெப்பத்தில் கெட்டுப்போன எண்ணெயை யாரும் மாற்றாமல் விட்டதும்தான் என்பது புரியும்.

மேனுவல் காரில் எஞ்சினையும் சக்கரத்தையும் இணைப்பதும் பிரிப்பதும் கிளட்ச் தட்டு; அதை இயக்குவது நம் கால். வழக்கமான ஆட்டோ காரில் அந்த இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் என்ற, எண்ணெய் நிறைந்த உருண்டையான பாத்திரம் இருக்கிறது. அதன் ஒரு பாதியை எஞ்சின் சுழற்றுகிறது. சுழற்சியில் சீறிப் பாயும் எண்ணெய் எதிரே உள்ள தகடுகளைத் தள்ளி, மறு பாதியைச் சுற்றவைக்கிறது. இந்த நுட்பத்தின் மூலவர் ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர்; 1905-இலேயே இதற்குக் காப்புரிமை கேட்டுவிட்டார். இரண்டு பாதிகளுக்கும் நடுவே உலோகத் தொடர்பு இல்லாததால் ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் சுற்றும். இந்த நழுவல்தான் காரை உதறாமல் மெதுவாகக் கிளப்புகிறது. கார் வேகம் பிடித்ததும் உள்ளே ஒரு பூட்டு விழுந்து இரண்டும் ஒன்றாகச் சுழலும், நழுவல் நின்றுவிடும். இதற்குப் பின்னால் உள்ள பல்சக்கரங்களை மாற்றிக் கொடுக்கும் சிறு கிளட்சுகளை அழுத்துவதும் அதே எண்ணெய்தான். விசையைக் கடத்துவது, கிளட்சுகளை அழுத்துவது, உராய்வைக் குறைப்பது, சூட்டைச் சுமந்து வெளியேற்றுவது என்று நான்கு வேலைகளை ஒரே எண்ணெய் செய்கிறது. அது கெட்டால் நான்கும் சேர்ந்து கெடும்.

இப்போது மலைச் சாலைக்கு வருவோம். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள காரை 1,400 மீட்டர் உயர்த்தச் சுமார் 2 கோடி ஜூல் ஆற்றல் வேண்டும். அத்தனையும் கியர்பாக்ஸ் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போயாக வேண்டும். வளைவுகளில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கும். பூட்டு திறந்துகொள்ளும், நழுவல் தொடங்கும். வளைவு தாண்டி வேகம் கூடினால் மூன்றாம் கியர், அடுத்த வளைவில் மறுபடி இரண்டாம் கியர். இந்த நழுவலிலும் கியர் மாற்றங்களிலும் பத்தில் ஒரு பங்கு மட்டும் வீணாவதாக வைத்தாலும் 20 லட்சம் ஜூல் வெப்பம் உண்டாகிறது. கியர்பாக்ஸில் உள்ள 6 லிட்டர் எண்ணெய் மட்டுமே அதை வாங்கிக்கொண்டால் அதன் சூடு 150 டிகிரிக்கு மேல் உயர்ந்துவிடும். நல்ல வேளையாக, உலோக உறையும் குளிர்விப்பானும் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. ஆனால் பல கார்களில் இந்தக் குளிர்விப்பான் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. ஏற்றத்தில் எஞ்சினும் கொதிக்கும், மெதுவாகப் போவதால் காற்றும் குறைவு. பள்ளி விடுமுறையில் மலை மேலுள்ள பிரிஞ்சாங் ஊர்ப் பக்கம் ஏற்றத்தில் கார்கள் அங்குலம் அங்குலமாக நகரும் நெரிசலைச் சேர்த்துப் பாருங்கள். கியர்பாக்ஸுக்கு அதைவிடக் கடுமையான வேலை கிடையாது.

பட்டறைகளில் நெடுநாளாகப் புழங்கும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு: சுமார் 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் எண்ணெயின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். இந்தத் தேய்மானத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். பல கார்களில் புது எண்ணெய் தெளிந்த சிவப்பாக இருக்கும். சூடு பட்டுப் பட்டு அது பழுப்பாகி, கறுத்து, தீய்ந்த வாடை அடிக்கத் தொடங்கும். கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினால் அங்குள்ள காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசைபோல அப்பியிருப்பது தேய்ந்த உலோகத்தூள். கெட்ட எண்ணெய் விட்டுச்செல்லும் பிசின், கியர் மாற்றத்தை நடத்தும் வால்வுகளின் குறுகிய வழிகளில் படிகிறது. ரப்பர் வளையங்கள் இறுகி வெடிக்கின்றன. எண்ணெய் அழுத்தம் குறைய, கிளட்சுகள் இறுகப் பிடிக்காமல் வழுக்குகின்றன. வழுக்கினால் இன்னும் சூடு, இன்னும் சூட்டால் எண்ணெய் இன்னும் கெடும். டி-யில் போட்டதும் கார் ஒரு நொடி தயங்கி ‘டக்’கென்று குதிப்பது, ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் இரைந்து கார் ஏறாமல் நிற்பது எல்லாம் இந்தச் சுழல் வெகுதூரம் போய்விட்டதற்கான அடையாளங்கள்.

அப்படியானால் எண்ணெயை மாற்ற வேண்டியதுதானே? அங்குதான் சிக்கல். பல கார்களின் சேவை அட்டவணை, கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றவே தேவையில்லை என்கிறது, அல்லது வெகு தொலைவு தள்ளிப் போடுகிறது. ஆனால் உலகின் பெரிய கார் நிறுவனங்கள் பலவற்றுக்குக் கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம், தன் ஆட்டோ கியர்பாக்ஸ்களில் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளில் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. செய்தவரே மாற்றச் சொல்லும்போது, விற்பவர் தேவையில்லை என்பதை எப்படி நம்புவது? இன்னொரு சான்று காரோடு வரும் கையேட்டிலேயே இருக்கிறது. பல கையேடுகளில் கடுமையான பயன்பாட்டுக்கென்று தனி அட்டவணை உண்டு. மலைச் சாலை, நின்று நின்று போகும் நெரிசல், வெப்பமான வானிலை, பாரம் இழுத்தல் ஆகியவை அதில் இருக்கும். கேமரன் மலையில் வாழ்பவரின் அன்றாடமே இந்தப் பட்டியல்தான். ஆனாலும் சமவெளிக்காரருக்கான அட்டவணையே அவர் கையிலும் கொடுக்கப்படுகிறது.

மலையில்தான் குளிராயிற்றே, அங்கே எப்படிச் சூடாகும் என்று கேட்பவர்கள் உண்டு. தானா ராத்தாவின் குளிர் உண்மைதான். ஆனால் ஏற்றம் தொடங்குவது தாப்பாவின் வெயிலில். சூடும் வெளியிலிருந்து வருவதில்லை, உள்ளேயே பிறக்கிறது. வேகக் காற்று இல்லாமல் வெறும் குளிர் அதை அணைத்துவிடாது. மலைக்கு மேனுவல்தான் சரி, பழைய லேண்ட் ரோவரைப் பாருங்கள் என்பது இன்னொரு வாதம். காய்கறி மூட்டைகளோடு அந்த வண்டிகள் இன்றும் தோட்டப் பாதைகளில் ஓடுவது பெருமைக்குரியது. அவற்றில் ஏற்றத்துக்கென்றே இன்னும் தாழ்ந்த கியர் வரிசை தனியாக உண்டு. அவற்றிலும் கிளட்ச் தட்டு தேயத்தான் செய்தது. அது தேயும் பொருள் என்று எல்லோருக்கும் தெரிந்ததால் வேளாவேளைக்கு மாற்றி ஓட்டினார்கள். ஆட்டோ கியர்பாக்ஸில் அப்படித் தேயும் பொருள் எண்ணெய். பழைய எண்ணெயை மாற்றினால் கியர்பாக்ஸ் செத்துவிடும் என்ற அச்சமும் பரவலாக இருக்கிறது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: வழுக்கல் தொடங்கிய பிறகே எண்ணெயை மாற்றுகிறார்கள், ஏற்கெனவே தேய்ந்துபோன கிளட்ச் சில வாரங்களில் கைவிடுகிறது, பழி புது எண்ணெயின் மேல் விழுகிறது. அறிகுறி வரும் முன்பே, அழுத்தி அலசாமல் வடியவிட்டு, கையேடு சொல்லும் அதே ரக எண்ணெயை நிரப்பினால் அஞ்ச ஒன்றுமில்லை.

எல்லாப் பழுதும் பராமரிப்பின் குறை ஆகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில கியர்பாக்ஸ்கள் வடிவமைப்பிலேயே பலவீனமானவை. டார்க் கன்வெர்ட்டருக்குப் பதில் இரட்டைக் கிளட்ச் வைத்த கார்களை ஃபோக்ஸ்வாகன் 2013-இல் சீனாவில் மட்டும் 3,84,181 திரும்பப் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களில் செயற்கை எண்ணெயை எடுத்துவிட்டுக் கனிம எண்ணெய் ஊற்ற வேண்டியதாயிற்று. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளின் நெரிசலில் அந்தச் செயற்கை எண்ணெய் மின்கோளாறை உண்டாக்கலாம் என்பதே காரணம். எண்ணெயும் வானிலையும் கியர்பாக்ஸின் தலையெழுத்தை மாற்றும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு நிறுவனம், தன் இரட்டைக் கிளட்ச் கார்கள் உதறுவதற்கு ஓட்டும் விதமே காரணம் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவந்தது. பலருக்கும் அதே கோளாறு இருப்பது அதற்குத் தெரிந்தே இருந்தது. 2018-இல் அந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. மலேசியாவிலேயே, 2011 முதல் சாகா காரில் பல்சக்கரங்களுக்குப் பதில் பட்டையால் விசையைக் கடத்தும் சிவிடி என்ற கியர்பாக்ஸைப் பொருத்திவந்த புரோட்டான், 2019-இல் அதைக் கைவிட்டு ஹூண்டாயின் நான்கு கியர் ஆட்டோவுக்கு மாறியது. புதுமை என்பதாலேயே ஒன்று நீடித்து உழைக்கும் என்று கொள்ள முடியாது.

ஆகவே பொறுப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது. மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நீடித்து உழைப்பதும் அந்தத் தரத்தில் அடங்கும். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே பதிவு செய்யலாம். ஆனால் அங்கே நிற்க ஆதாரம் வேண்டும். எண்ணெய் மாற்றிய ரசீதுகளையும், சேவைப் புத்தகத்தையும், கோளாறை முதலில் சொன்ன தேதியையும் பத்திரப்படுத்தியவருக்கே வாதம் நிற்கும்.

மலையில் ஆட்டோ கார் ஓட்டுபவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. கையேட்டில் கடுமையான பயன்பாட்டு அட்டவணையைத் தேடி அதன்படி நடங்கள்; அப்படி எதுவும் இல்லையென்றால் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுங்கள். நீண்ட ஏற்றத்திலும் இறக்கத்திலும் தாழ்ந்த கியரைத் தேர்ந்தெடுங்கள். ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்துக் காரை நிறுத்தாமல் பிரேக்கால் நிறுத்துங்கள். சரிவில் நிறுத்தினால் கைப்பிரேக்கைப் போட்ட பிறகே பி-க்கு மாற்றுங்கள். பழைய கார் வாங்குவதென்றால் எஞ்சினைப் பார்க்கும் முன் கியர்பாக்ஸ் எண்ணெயின் நிறத்தையும் வாடையையும் பாருங்கள். விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மலைவாசிக்குக் கார் விற்கும்போது மலைக்குரிய அட்டவணையை எழுத்தில் கொடுங்கள். கியர்பாக்ஸின் விலையோடு பார்த்தால் சில லிட்டர் எண்ணெய் ஒரு செலவே இல்லை.