100 மீட்டர் கேபிளில் 85 கிராம் செம்பு

பிக்கரிங்கில் பேஸ்மென்ட் வேலை நடக்கும் வீடு எதற்குப் போனாலும் மூலையில் டிவி கேபிள் சுருள் சுருளாகக் கிடக்கும். 1980-களிலும் 90-களிலும் கட்டிய வீடுகளில் அறைக்கு ஒன்று என்று இழுத்து வைத்திருக்கிறார்கள். இப்போது ஃபைபர் வந்துவிட்டது, டிவியும் வைஃபையில் ஓடுகிறது. சுவரைத் திறந்ததும் முதலில் உருவி எறிவது இந்தக் கோஆக்சியல் கேபிளைத்தான். அடுத்து வரும் கேள்வியும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "உள்ளே செம்புதானே இருக்கு, கடையில எவ்வளவு தருவான்?"

நியாயமான கேள்வி. "ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருவில் கூவி வந்தவரிடம் ஓட்டைப் பாத்திரத்தைக் கொடுத்துப் பழம் வாங்கித் தின்றவர்கள் நாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட யாழ்ப்பாண நண்பர்களுக்கோ ஒரு முழம் கம்பியைக்கூடத் தூக்கிப் போட மனம் வராது. செம்பு விலையும் சும்மா இல்லை. 2024 மே மாதம் லண்டன் உலோகச் சந்தையில் டன் 11,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. ஆனால் உங்கள் வீட்டு கேபிளுக்கும் அந்த விலைக்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு.

ஒரு துண்டை வெட்டிப் பாருங்கள். வெளியே பிவிசி உறை. அதற்குள் அலுமினியக் கம்பிப் பின்னல், அலுமினியத் தாள், வெள்ளை நுரை பிளாஸ்டிக். நடுவில் செம்பு நிறத்தில் ஒற்றைக் கம்பி. அந்தக் கம்பியில் ஃபிரிட்ஜ் காந்தத்தை வையுங்கள். பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். செம்பில் காந்தம் ஒட்டாது. உள்ளே இருப்பது எஃகு, செம்பு வெறும் மேல் பூச்சு.

கேபிள் கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நினைக்க வேண்டாம். அதிர்வெண் கூடக் கூட மின்னோட்டம் கம்பியின் நடுவை விட்டு விலகி மேல்தோலோடு ஓடும். ஸ்கின் எஃபெக்ட் என்பார்கள். பழைய டிவி சேனல் 2 தொடங்கும் 54 மெகாஹெர்ட்ஸில் செம்புக்குள் அந்தத் தோலின் ஆழம் சுமார் 9 மைக்ரான். 1000 மெகாஹெர்ட்ஸில் வெறும் 2 மைக்ரான். பூச்சோ 30 மைக்ரான் அளவுக்கு இருக்கிறது, தாராளம். அதற்குக் கீழே எஃகு இருந்தால் என்ன, தங்கம் இருந்தால் என்ன, சிக்னலுக்குத் தெரியப் போவதில்லை. எஃகு மலிவு, இழுத்தாலும் சட்டென்று அறுந்து போகாது. (செமஸ்டருக்காக மனப்பாடம் செய்த இந்தச் சூத்திரம் ஒருநாள் காயலான் கடையில் உதவும் என்று எந்தப் பேராசிரியரும் எங்களுக்குச் சொல்லவில்லை.)

இனி கணக்கு. வீடுகளில் இருக்கும் ஆர்ஜி-6 வகை கேபிள் 100 மீட்டர் எடுத்தால் மொத்தம் 4 கிலோ சொச்சம் இருக்கும். நடுக்கம்பியின் விட்டம் ஒரு மில்லிமீட்டர். அது முழுச் செம்பாக இருந்தால் கிட்டத்தட்ட 730 கிராம் தேறும். பூச்சு மட்டும் என்றால் 85 கிராம்தான். டன் 10,000 டாலர் என்று வைத்தாலும் 85 அமெரிக்க சென்ட். அதுவும் சுத்தமாகப் பிரித்து எடுத்த செம்புக்கு. பிக்கரிங்கிலிருந்து கடைக்குப் போய்வரும் பெட்ரோல் காசுக்கே காணாது.

பிரிப்பதுதான் பெரிய வம்பு. ஒயரை அரைக்கும் ஆலையில் பொடியாக நறுக்கி, காற்றும் அதிர்வும் கொண்ட மேசையில் எடையை வைத்துப் பிளாஸ்டிக்கையும் உலோகத்தையும் பிரிப்பார்கள். எஃகை எடுக்கக் காந்தம் போட்டால் பூச்சுச் செம்பும் அதோடு சேர்ந்து போய்விடும். போகட்டும், எஃகு ஆலையாவது வாங்குமா? அவர்களுக்கும் செம்பு ஆகாது. உருக்கிய எஃகில் கலந்த செம்பை வெளியே எடுக்க வழியில்லை, சூட்டில் உருட்டும்போது மேற்பரப்பு வெடிக்கும். செம்புக்காரனுக்கும் வேண்டாம், எஃகுக்காரனுக்கும் வேண்டாம். ஒயர் விலைப்பட்டியலில் கோஆக்சியல் அடிவரிசையில் கிடப்பது இதனால்தான்.

எல்லா கோஆக்சியலும் இப்படியில்லை. சிசிடிவிக்குப் போடும் ஆர்ஜி-59 கேபிளில் நடுக்கம்பியும் பின்னலும் முழுச் செம்பாகவே வருவது உண்டு. செல்போன் கோபுரத்தில் ஏறும் தடிமனான கேபிளில் வெளிக்குழாயே செம்பு. இன்டர்நெட்டுக்கு இழுத்த கேட்-5, கேட்-6 ஒயரிலும் நல்ல சரக்கில் செம்புதான். இதையெல்லாம் டிவி கேபிளோடு ஒரே மூட்டையில் கட்டிக்கொண்டு போனால் மட்டமான சரக்கின் விலையைத்தான் போடுவார்கள். காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரித்துக் கட்டுங்கள்.

உறையைக் கொளுத்தினால் நல்ல விலை வரும் என்று யோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் வரும், கூட இருக்கும் செம்பு அந்த டையாக்சினைக் கூட்டிக் கொடுக்கும். கானாவின் அக்ராவில் அக்போக்ப்ளோஷி என்ற இடத்தில் இளைஞர்கள் வருடக்கணக்கில் ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுத்தார்கள். சீனாவின் குய்யூவிலும் அதே கதை. 2018 கடைசியோடு சீனா பழைய ஒயர் இறக்குமதியை நிறுத்தியது. 2025 ஜனவரி 1 முதல் எந்த மின்னணுக் கழிவையும் பெறும் நாட்டின் முன் அனுமதி இல்லாமல் அனுப்பக் கூடாது என்கிறது பாசல் ஒப்பந்தம். கனடாவும் அதில் உண்டு. இங்கே 85 சென்டுக்காக யாரும் குனிய மாட்டார்கள், கூலி மலிந்த ஊரில் குனிவார்கள். எனக்கு உறுத்துவது அதுதான்.

அதனால் என் கட்சி: முடிந்தவரை உருவாதீர்கள். சுவருக்குள் இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு. மோக்கா என்று ஒரு அடாப்டர் கிடைக்கிறது. இரண்டு முனையிலும் மாட்டினால் அதே டிவி கேபிள் இன்டர்நெட் கேபிளாகிவிடும், 2.5 பதிப்பில் அதிகபட்சம் விநாடிக்கு 2.5 கிகாபிட் வரை. மாடியில் வைஃபை எட்டாமல் பிள்ளைகள் ஜூம் வகுப்பில் உறையும் வீட்டுக்கு இது போதும். புதிதாகக் கேபிள் இழுக்க ஆள் கூப்பிட்டால் கேட்கும் கூலியை நினைத்துப் பாருங்கள். கவனிக்க வேண்டியது இரண்டு. இடையில் இருக்கும் பழைய ஸ்பிளிட்டர் 1675 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்க வேண்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு ஃபில்டர் மாட்ட வேண்டும், இல்லையென்றால் உங்கள் சிக்னல் பக்கத்து வீட்டுக்கும் போகும்.

ஏற்கெனவே உருவிவிட்டீர்கள் என்றால் நீல டப்பாவில் போடாதீர்கள், தரம் பிரிக்கும் இயந்திரத்தில் சுற்றிக்கொள்ளும். குப்பைப் பையில் போட்டால் கோர்ட்டிஸில் இருக்கும் டர்ஹம் யார்க் எரிசக்தி நிலையத்துக்குப் போய் எரியும். அங்கே புகையை வடிகட்டுகிறார்கள், சாம்பலிலிருந்து உலோகமும் எடுக்கிறார்கள், கொல்லையில் கொளுத்துவதைவிட எவ்வளவோ மேல். அதைவிட நல்லது மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கேட்டுக் கொடுப்பது. சுவரை மூடப் போகும் கான்ட்ராக்டரிடம் மட்டும் முன்னாலேயே சொல்லிவையுங்கள்: கேபிளை ஒட்ட நறுக்காமல் ஒரு அடி வெளியே விட்டு, எந்த அறைக்குப் போகிறது என்று டேப்பில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.