போகிப் புகை ஏன் மேலே போகவில்லை?

தம்பி, தங்கச்சி! போகியன்று விடிகாலையில் சென்னைத் தெருக்களில் எதிர்வீடுகூடத் தெரியாத அளவுக்குப் புகை மண்டும். மற்ற நாட்களில் புகை மேலே எழும்பிக் கலைந்துவிடுகிறதே, அன்றைக்கு மட்டும் ஏன் தெருவிலேயே தங்குகிறது? இந்தக் கேள்வி உனக்கு எழுந்திருந்தால், சபாஷ்! விஞ்ஞானிகள் கேட்கிற கேள்வி அது.

பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாக இருக்கும். சூடான காற்று லேசானது. அது மேலே எழும்போது புகையையும் தூக்கிக்கொண்டு போகும். மார்கழி இரவில் இது மாறிவிடுகிறது. மேகம் இல்லாத இரவில் தரை சீக்கிரம் குளிரும். தரையைத் தொடும் காற்றும் குளிரும். அதற்கு மேலே இருக்கும் காற்றோ வெதுவெதுப்பாக இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, அதனால் மேலே எழாது. இட்லிப் பானைக்கு மூடி போட்ட மாதிரி, வெதுவெதுப்பான காற்று மேலே உட்கார்ந்துகொள்கிறது. புகை கீழே மாட்டிக்கொள்கிறது. இதற்கு வெப்பத் தலைகீழ் மாற்றம் என்று பெயர்.

புரிந்ததா? புரியாவிட்டால் அந்தப் பத்தியை இன்னொரு முறை படித்துவிட்டு வா. அவசரமே இல்லை.

வெயில் ஏறித் தரை சூடானதும் புகை கலையத் தொடங்கும். ஆனால் போகிக்கு நாம் பழைய பாய், துணி, டயர் எல்லாவற்றையும் கொளுத்துவது விடிவதற்கு முன்னால்! காற்று அசையாமல் நிற்கும் நேரம் பார்த்து எரிக்கிறோம். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னையில் இறங்க முடியாமல் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

நீயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். புகை அடங்கிய பிறகு, வாசலில் இருக்கும் செம்பருத்தி இலை ஒன்றை ஈரமான வெள்ளைத் துணியால் துடை. துணியில் கறுப்பாக ஒட்டும். விரலால் தேய்த்தால் அந்தக் கறுப்பு நீளமாக இழுபடும். எரிந்த ரப்பரும் பிளாஸ்டிக்கும் விட்டுப்போன கரி அதில் இருக்கிறது.

இது உன் கண்ணுக்குத் தெரிகிற கரி. தெரியாததுதான் ஆபத்து. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர். உன் தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரோமீட்டர். புகையில் 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவான துகள்கள் ஏராளம். பெரிய தூசியை மூக்கு பிடித்து வைத்துக்கொள்ளும். இந்தப் பொடித் துகள்கள் தப்பித்து, நுரையீரலின் கடைசியில் இருக்கும் காற்று நுண்ணறைகள் வரை போய்விடும். டயரில் கந்தகம் வேறு உண்டு. எரிந்தால் கந்தக டை ஆக்சைடு வரும். தொண்டை கரகரப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்பா, அம்மாவைவிட உனக்குப் பாதிப்பு அதிகம். ஏன் தெரியுமா? நீ அவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறாய். உன் எடைக்கு நீ இழுக்கும் காற்று அதிகம். உன் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டும் இருக்கிறது. உன் வகுப்பில் யாருக்காவது இளைப்பு இருக்கிறதா? அவர்களுக்குப் புகை பட்டதும் மூச்சுக்குழாய் சுருங்கும், உள்ளே சளியும் சேரும்.

பயந்துவிடாதே, நல்ல சேதியும் இருக்கிறது. அமெரிக்காவின் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஒருகாலத்தில் காற்று படுமோசம். சட்டம் போட்டுப் புகையைக் குறைத்தார்கள். ஆய்வாளர்கள் அங்கே 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கருவியில் ஊதச் சொல்லி, ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். நுரையீரல் திறன் மிகவும் குறைந்த 15 வயதுப் பிள்ளைகள் 1990-களில் நூற்றுக்கு ஏறக்குறைய 8 பேர். காற்று சுத்தமான பிறகு வளர்ந்த பிள்ளைகளில் அது 4 பேருக்கும் குறைவு! 2015-இல் இந்த முடிவு வெளிவந்தது.

போகி அருமையான பண்டிகை. மேளம் கொட்டு, வீட்டைச் சுத்தம் செய், கோலம் போடு. பழைய பாயின் புகையே நுரையீரலுக்கு ஆகாது. டயர்ப் புகை அதைவிட மோசம். டயரைக் கொளுத்துவதைப் பண்டிகை என்று நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

அப்பா போனில் 'சமீர்' செயலியைப் போடச் சொல். காற்றின் தரத்தை அது நிறத்தில் காட்டும். பச்சை என்றால் நல்ல காற்று, சிவப்பு என்றால் மிக மோசம். போகிக்கு முந்தைய வாரமே நண்பர்களோடு மேளத்தை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றி வா. பழைய டயர், துணி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் துப்புரவுப் பணியாளர்களிடம் கொடுக்கும்படி ஒவ்வொரு வீட்டிலும் கேள். பெரியவர்கள் சொல்லிக் கேட்காதவர்களும் நீ சொன்னால் கேட்பார்கள். இந்த ஆண்டு உன் தெருவில் ஒரு டயர்கூட எரியக் கூடாது, சரியா?